முழு உணவும் உடலுழைப்பும்: ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாதது ஏன்?

நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், 1918ஆம் ஆண்டு ஓர் ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. கால்கள் வலுவிழந்து, நரம்புகள் தளர்ந்து, இறுதியில் இதயமே ஓய்ந்துபோகும் பெரிபெரி என்ற நோயை ஆராய்வதுதான் அதன் வேலை. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ராபர்ட் மெக்காரிசன் அதற்குத் தலைமை வகித்தார். நோயின் வேர் எங்கே இருக்கிறது என்பதற்கான தடயம் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஜாவாவில் கிடைத்திருந்தது. தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிடு நீக்காத அரிசியைக் கொடுத்ததும் அவை தேறி எழுவதையும் கிறிஸ்தியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவர் அங்கே கண்டிருந்தார். அரிசியை ஆலையில் பளபளப்பாகத் தீட்டும்போது தவிட்டோடு தயமின் என்னும் பி1 வைட்டமினும் போய்விடுகிறது என்பது பின்னாளில் தெளிவானது. 1929ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை எய்க்மான் பகிர்ந்துகொண்டார்.

மெக்காரிசன் குன்னூரில் இன்னும் விரிவான ஒரு சோதனையில் இறங்கினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அவரவர் முறையிலேயே சமைத்து, எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி ஆகியவை சேர்ந்த சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் வளர்ச்சியில் முதலிடத்தில் நின்றன. அரிசியே பெரும்பகுதியாக இருந்த சென்னை மாகாணத்து உணவைத் தின்றவை கடைசியில் நின்றன. வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரை போட்ட தேநீர், டப்பா இறைச்சி, ஜாம் என்று அன்றைய பிரிட்டனின் ஏழைகள் உண்டதைக் கொடுத்து வளர்த்த எலிகளும் நலிந்தே வளர்ந்தன.

இதைச் சோற்றுக்கு எதிரான தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தவறு. தீட்டிய அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவிச் சமைத்து, பாலும் கீரையும் பருப்பும் போதாத ஒரு தட்டு தோற்றது என்பதே அதன் பொருள். நெல்லை உமியோடு ஊறவைத்து அவித்துக் காயவைக்கும் புழுங்கலரிசி முறையில், தவிட்டிலிருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால்தான், ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களைப் பெரிபெரி தாக்கிய அளவுக்குப் புழுங்கலரிசி உண்ட பகுதிகளைத் தாக்கவில்லை. உணவைப் பக்குவப்படுத்துவது எல்லாமே கேடு என்று பேசுவோர் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஒரு பக்குவம் சத்தைப் பறித்தது, மற்றொரு பக்குவம் அதே தானியத்தில் சத்தைக் காத்தது.

குன்னூரின் அந்த ஒற்றை அறை வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இயங்குகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின்கீழ் உள்ள அந்நிறுவனம் 2024 மே மாதம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களைப் புதுப்பித்து வெளியிட்டது. நாட்டின் மொத்த நோய்ச் சுமையில் 56.4 விழுக்காடு நலமற்ற உணவுமுறையால் வருவதாக அந்த ஆவணம் மதிப்பிடுகிறது. நல்ல உணவும் உடலுழைப்பும் சேர்ந்தால் இரண்டாம் வகை நீரிழிவில் 80 விழுக்காடு வரை தடுத்துவிடலாம் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடும் மேலும் 13.6 கோடிப் பேர் அதன் முந்தைய நிலையிலும் இருப்பதாகக் கணக்கிட்டது. சத்துக் குறைவால் கால் தளர்ந்தவர்களை ஆராயப் பிறந்த நிறுவனம், நூறாண்டு கழித்து, மிகுதியால் நோயுற்றவர்களைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு காலத்துக்கும் நடுவே ஓடும் இழை ஒன்றுதான்: முழுதாய் இருந்த உணவைப் பிரித்து, அதன் ஒரு பகுதியை மட்டும் தட்டுக்கு அனுப்பும் பழக்கம்.

ஆனால் அன்றைய ஆலையும் இன்றைய தொழிற்சாலையும் செய்யும் வேலை ஒன்றல்ல. அரிசி ஆலை தவிட்டை நீக்கியதோடு நின்றது. இன்றைய தொழிற்சாலையோ மக்காச்சோளத்தையும் கோதுமையையும் பனை எண்ணெயையும் மாவுச்சத்து, சர்க்கரைப் பாகு, கொழுப்பு என்று கூறுகூறாகப் பிரித்தெடுத்து, பிறகு சுவையூட்டி, நிறமூட்டி, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிணைத்து வைக்கும் பொருள்கள் ஆகியவற்றைச் சேர்த்து மீண்டும் ஓர் உருவம் கொடுக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டேரோ 2009இல் முன்வைத்தார். எந்தச் சத்து எத்தனை கிராம் என்று பார்ப்பதற்குப் பதிலாக, உணவு எவ்வளவு தூரம் மாற்றப்பட்டிருக்கிறது என்பதைக் கொண்டு அதை வகை வகையாகப் பிரிக்கலாம் என்றார். அவற்றில் கடைசி வகைக்கு இட்ட பெயர்தான் இன்று பரவலாகப் பேசப்படும் ‘அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு’. பிரேசில் அரசின் 2014ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி இந்தப் பிரிவையே அடித்தளமாகக் கொண்டது.

நம் அடுக்களைக்கு இந்தப் பிரிவைப் பொருத்திப் பார்த்தால் பல குழப்பங்கள் தீரும். இட்லி மாவு அரைத்துப் புளிக்கவைக்கப்பட்டது. தயிர் உறைய வைக்கப்பட்டது. முளைகட்டிய பயறு, வறுத்த கடலை, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் எல்லாமே ஏதோ ஒரு பக்குவத்துக்கு உட்பட்டவைதாம். அவற்றின் மூலப்பொருளை நாம் கண்ணால் அறியலாம், வீட்டிலேயே செய்யவும் முடியும். கிரீம் வைத்த பிஸ்கட்டையோ, உடனடி நூடுல்ஸின் மசாலாத் தூளையோ, பாக்கெட் சிப்ஸின் மேல் படிந்திருக்கும் அந்தப் புளிப்புப் பொடியையோ எந்த வீட்டு அடுப்பாலும் செய்ய முடியாது. இந்தப் பிரிவில் குறைகளும் உண்டு. கடையில் வாங்கும் முழுக் கோதுமை ரொட்டியும் குளிர்பானமும் சில சமயம் ஒரே வகைக்குள் வந்துவிடுகின்றன. இரண்டும் உடலுக்கு ஒன்றல்ல. மறுபுறம், வீட்டில் போட்ட ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் தொழிற்சாலைப் பொருள்கள் அல்ல என்றாலும் உப்பு மிகுந்தவை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பை அவையும் எளிதில் மீறச் செய்யும். ஆகவே இந்தப் பிரிவைத் திசைகாட்டியாகக் கொள்ளலாமே தவிர, ஒவ்வொரு பொருளுக்கும் தீர்ப்பு எழுதும் சட்டமாகக் கொள்ள முடியாது.

உணவின் கட்டமைப்பைக் கலைப்பதாலேயே உடலில் என்ன மாறுகிறது என்பதை அழகாகக் காட்டிய ஒரு சோதனை 1977இல் பிரிட்டனில் நடந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவங்களில் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, மசித்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுச்சத்தின் அளவு 60 கிராம்தான். முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்கிலேயே சாறு உள்ளே போய்விட்டது. பழம் தின்றவர்களுக்கு வயிறு நிறைந்தது. சாறு குடித்தவர்களுக்கு அந்த நிறைவு வரவில்லை. சாற்றுக்குப் பிறகு இன்சுலின் கூடுதலாகச் சுரந்து, சற்று நேரத்தில் இரத்தச் சர்க்கரை தொடக்க நிலைக்கும் கீழே சரிந்தது. முழுப் பழத்துக்குப் பிறகு அந்தச் சரிவு ஏற்படவில்லை. இங்கே எந்த வேதிப்பொருளும் கலக்கப்படவில்லை, ஒரு துளிச் சர்க்கரையும் கூட்டப்படவில்லை. மெல்ல வேண்டிய ஒன்றைக் குடிக்கக்கூடியதாக மாற்றியது மட்டுமே நடந்தது. ‘இயற்கையானது, அதனால் எவ்வளவு குடித்தாலும் நல்லது’ என்று பழச்சாற்றை நம்பும் வீடுகளில், குறிப்பாகக் குழந்தைகளுக்குப் பழத்துக்குப் பதில் சாறு பிழிந்து கொடுக்கும் வீடுகளில், இந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும்.

இதே கேள்வியை ஒரு முழு நாளின் உணவுக்கும் பொருத்திக் கேட்டவர் அப்போது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹால். 2019இல் வெளியான அவருடைய ஆய்வில் இருபது பேர் நான்கு வாரங்கள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் அதீதமாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் முழு உணவுகளிலிருந்து சமைத்த உணவு. எதை முதலில் உண்பது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து அனைத்தும் இரு பக்கத்திலும் சமமாக வைக்கப்பட்டன. பதப்படுத்திய உணவில் நார்ச்சத்து இயல்பாகவே குறைவு என்பதால், சமன் செய்வதற்காகப் பானத்தில் நாரைக் கரைத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. உண்பவர்களுக்கு ஒரே கட்டளை: பசிக்கும் அளவு உண்ணுங்கள், போதும் என்றால் நிறுத்துங்கள்.

முடிவு தெளிவாக இருந்தது. பதப்படுத்திய உணவு கிடைத்த நாள்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். இரண்டே வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். முழு உணவுக்கு மாறியதும் அதே அளவு எடை இறங்கியது. யாரும் அவர்களைக் கட்டுப்படுத்தவில்லை. உணவின் சுவையைப் பற்றி அவர்கள் கொடுத்த மதிப்பெண்களிலும் பெரிய வேறுபாடு இல்லை. மென்மையான, கலோரி செறிந்த உணவை அவர்கள் வேகமாக உண்டார்கள். முழு உணவு உண்ட வாரங்களில் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் குறைவாகவும், நிறைவை அறிவிக்கும் இன்னொரு ஹார்மோன் கூடுதலாகவும் இருந்தன. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அந்தச் செய்தி வந்து சேருவதற்குள் எவ்வளவு உள்ளே போய்விடுகிறது என்பதில்தான் இரண்டு தட்டுகளுக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு அடங்கியிருக்கிறது.

இருபது பேர், நான்கு வாரம் என்பது சிறிய ஆய்வுதான். 2025இல் லண்டனில் 55 பேரை வைத்து, ஒவ்வொரு உணவு முறைக்கும் எட்டு வாரம் ஒதுக்கி நடந்த ஆய்வு இதைச் சற்று நிதானப்படுத்துகிறது. அங்கே இரு உணவுகளும் பிரிட்டிஷ் அரசின் ஊட்டச்சத்து விதிகளுக்கு உட்பட்டே அமைந்திருந்தன. பதப்படுத்திய உணவு உண்டவர்களுக்கும் எடை குறையத்தான் செய்தது, ஏறத்தாழ ஒரு விழுக்காடு. குறைவாகப் பதப்படுத்திய உணவில் அது ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. சத்தைப் பார்த்து வாங்கினால் பாக்கெட் உணவிலும் ஓரளவு நன்மை உண்டு, சமைத்த முழு உணவில் அது இருமடங்காகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஒரு பாக்கெட்டைத் தொட்டாலே நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கும் இதுவே சான்று.

தமிழகத்துச் சாப்பாட்டில் இந்த அறிவை எப்படிப் பொருத்துவது என்பதில் இரண்டு இடங்களில் தவறு நிகழ்வதைக் காண்கிறேன். முதலாவது, ‘வீட்டுச் சாப்பாடு’ என்ற சொல்லின் மேல் நாம் வைத்திருக்கும் அளவற்ற நம்பிக்கை. காலையில் வெள்ளை அரிசி இட்லி, மதியம் குவித்த சோறு, இரவில் மீண்டும் தோசை, கூடவே ஓர் உருளைக்கிழங்கு வறுவல் என்று அமையும் நாள் வீட்டிலேயே சமைத்ததுதான். ஆயினும் அதில் நார்ச்சத்தும் புரதமும் குறைவு, மாவுச்சத்தே மிகுதி. ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும், 25 கிராம் நார்ச்சத்தும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டுகளும் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும் அந்த அளவுக்கு வெகு தொலைவில் இருக்கின்றன. சோற்றைக் கைவிட வேண்டியதில்லை. பொரியலும் கூட்டும் தட்டில் பாதியைப் பிடிக்கட்டும். சுண்டலோ பருப்போ முட்டையோ மீனோ கால் பங்கை எடுத்துக்கொள்ளட்டும். எஞ்சிய கால் பங்கில் சோறு இருக்கட்டும். நம் ஊரில் மலிவாகக் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும், வேலியோரத்து முருங்கைக் கீரையும், தட்டைப்பயறும் கொள்ளும் இந்தக் கணக்குக்குப் போதுமானவை.

இரண்டாவது தவறு, முழு உணவின் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் பாக்கெட்டுகளை நம்புவது. கேழ்வரகு பிஸ்கட், கம்பு நூடுல்ஸ், சிறுதானியச் சத்துமாவு என்று எழுதியிருப்பதைக் கண்டு மகிழ்ந்து வாங்குகிறோம். பாக்கெட்டின் பின்புறத்தில் மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. முதலில் சுத்திகரித்த கோதுமை மாவும், அடுத்துச் சர்க்கரையும் பனை எண்ணெயும் நின்று, நான்காவது இடத்தில் கேழ்வரகு வந்தால், நீங்கள் வாங்குவது மைதா பிஸ்கட்தான். சர்க்கரையும் பல பெயர்களில் வருகிறது: திரவ குளுக்கோஸ், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ். கேழ்வரகைக் கூழாகவோ களியாகவோ அடையாகவோ உண்ணும்போது கிடைக்கும் பயனை அந்தப் பாக்கெட்டில் எதிர்பார்க்க முடியாது. 300 மில்லி குளிர்பானம் ஒன்றில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது. வெளியிலிருந்து சேரும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நலம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை ஒரே ஒரு பாட்டில் தாண்டிவிடுகிறது.

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். ‘தின்றதை நடந்து கரைத்துவிடலாம்’ என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிய எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 50 கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் ஏறத்தாழ 270 கலோரி இருக்கிறது. அதே கலோரியை வேகவைத்த உருளைக்கிழங்கில் பெற வேண்டுமானால் 300 கிராம் தின்ன வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் செலவாவது சுமார் 100 கலோரி. பேருந்துக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் காலியாகும் ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நடக்க வேண்டும். அதற்கும் மேலாக ஒரு செய்தி உண்டு. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்ஸா மக்களின் ஆற்றல் செலவை ஹெர்மன் பான்ட்சர் குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் முழுதும் நடக்கும் அந்த மக்கள், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், மேலை நாடுகளில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாகச் செலவிடவில்லை. உடல் ஓரிடத்தில் கூட்டிச் செலவழித்தால் இன்னோரிடத்தில் மிச்சம் பிடிக்கிறது என்பது அவர்களின் விளக்கம்.

அப்படியென்றால் நடப்பதால் பயனில்லையா? எடைக்கருவியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான். அது பெரும் இழப்பு, ஏனெனில் உடலுழைப்பின் உண்மையான வேலை வேறு. உண்ட உணவிலிருந்து வரும் குளுக்கோஸில் பெரும்பங்கை எடுத்துக்கொள்வது தசை. அமர்ந்திருக்கும்போது தசையின் கதவைத் திறக்க இன்சுலின் தேவைப்படுகிறது. தசை சுருங்கி விரியும்போதோ, இன்சுலினுக்குக் காத்திராமலே, குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதங்கள் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்யாத நீரிழிவாளரின் உடலிலும் இந்த இரண்டாம் வழி திறந்தே இருக்கிறது. ஒரு முறை நன்றாக உழைத்தால் தசை இன்சுலினுக்குச் செவிசாய்க்கும் திறன் ஒன்றிரண்டு நாள் வரை கூடியிருக்கும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் வியர்க்க ஓடுவதைவிட நாள்தோறும் சிறிது நடப்பது மேல். சாப்பிட்டவுடன் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் உணவுக்குப் பின்னான சர்க்கரை ஏற்றம் தணிவதும் இதனால்தான். எந்த உணவும், எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும், தசைக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்காது.

இதயத்துக்கும் இது பொருந்தும் என்பதற்கு முதல் பெரிய சான்று லண்டன் பேருந்துகளிலிருந்து வந்தது. அங்கே ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையில் இருப்பார். நடத்துநர் இரண்டு அடுக்குப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே நிறுவனம், ஒரே சமூகப் பின்னணி. ஜெர்ரி மோரிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு, நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. உடற்பயிற்சிக் கூடம் என்ற ஒன்றையே அறியாத மனிதர்கள் அவர்கள். படி ஏறியதுதான் அவர்களைக் காத்தது.

தெற்காசியர்களாகிய நமக்குத் தசை இன்னும் கூடுதலாக முக்கியமாகிறது. புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஞ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004இல் தங்கள் இருவரின் உடலையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஞ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. மெலிந்த கை கால், சற்றே தள்ளிய வயிறு என்ற நம் ஊர்த் தோற்றத்துக்குள் ஒளிந்திருக்கும் உண்மை இதுதான். ‘நான் ஒல்லிதானே, எனக்கென்ன’ என்று சொல்பவர்களுக்கே சில சமயம் முதலில் சர்க்கரை வருகிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று சேர்த்தே சொல்கிறது. நடைபயிற்சியோடு நின்றுவிடும் நம் ஊர்ப் பெரியவர்கள் கவனிக்காமல் விடும் பாதி இது. நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து அமர்வது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் அதற்குத் தொடக்கமாகும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் உணவையும் நடையையும் ஒரே நாளில் பெரிதாக மாற்றினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கக்கூடும். அவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கீரை, பழங்களின் அளவையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவும் உழைப்பும் இணைந்து செயல்படும்போது என்ன ஆகிறது என்பதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும். ஒரு பிரிவுக்குச் சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, நாள்தோறும் அரை மணி நேரம் நடக்கும் வாழ்க்கைமுறை. ஒரு பிரிவுக்கு இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை. ஒரு பிரிவுக்கு இரண்டும். மூன்று ஆண்டுகளில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவாளர்களாக மாறினார்கள். வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் அது 39.3 விழுக்காடு. மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே பயன்தான். இரண்டையும் சேர்த்ததில் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி வேறொன்று: வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. எடைக்கருவி அசையாத நிலையிலும் நோய் தள்ளிப்போனது. உடலின் உள்ளே சர்க்கரை நடத்தப்படும் விதம் மாறியதே அதற்குக் காரணமாக இருக்க முடியும். நான்கு வாரம் நடந்தும் எடை இறங்கவில்லையே என்று கைவிட்டுவிடும் ஒவ்வொருவரிடமும் இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

இத்தனையும் தெரிந்த பிறகும் வீடுகளில் ஏன் மாற்றம் வருவதில்லை என்பதற்கு, மக்களின் மன உறுதிக் குறைவைக் காரணம் சொல்வது நேர்மையற்றது. ஹாலின் ஆய்வில் முழு உணவுக்கான வாரச் செலவு 151 டாலர், பதப்படுத்திய உணவுக்கு 106 டாலர் என்று கணக்கிடப்பட்டது. நம் ஊரில் கீரையும் பயறும் பாக்கெட் உணவைவிட மலிவு என்று சொல்லலாம். 1999இல் மதுரையில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய உழவர் சந்தைகள் காய்கறியை எட்டும் விலைக்குக் கொண்டுவந்தன என்பதும் உண்மை. ஆனால் இங்கே விலையைவிடப் பெரிய செலவு நேரம். கீரையை ஆய வேண்டும். வாழைப்பூவை நரம்பெடுத்து நறுக்க வேண்டும். சின்ன வெங்காயத்தை உரிக்க வேண்டும். நெத்திலியைக் கிள்ளிக் கழுவ வேண்டும். இவற்றைச் செய்யும் கைகள் பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவருடைய கைகள், அவரும் காலையில் வேலைக்குக் கிளம்பியாக வேண்டியவர். ‘பாக்கெட்டை விடுங்கள், புதிதாகச் சமையுங்கள்’ என்று குடும்பத்துக்குச் சொல்லப்படும் அறிவுரை, நடைமுறையில் அந்த ஒரு பெண்ணுக்கு இடப்படும் கூடுதல் வேலையாகவே முடிகிறது. அந்த வேலை முடிந்த பிறகு அவருக்கு நடப்பதற்கான அரை மணி நேரம் எங்கிருந்து வரும்? நல்ல உணவு வேண்டும் என்று விரும்பும் கணவரும் வளர்ந்த பிள்ளைகளும் கீரை ஆயவும் காய் நறுக்கவும் உட்காராத வரை, இந்த மாற்றம் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை.

பாக்கெட் உணவு வெல்லும் நேரமும் குறிப்பானது. பள்ளியும் அலுவலகமும் விட்டு வரும் மாலை நான்கிலிருந்து ஆறு மணி வரையிலான பசிக்கு வீட்டில் ஆயத்தமாக எதுவும் இருப்பதில்லை. பேக்கரியின் பப்ஸும் தெருமுனை பஜ்ஜியும் சிப்ஸும் ஆயத்தமாக இருக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிண்ணம் சுண்டல், அவித்த கடலை, இரண்டு வாழைப்பழம், கொய்யா, ஒரு முட்டை என்று ஏதேனும் ஒன்று கையெட்டும் இடத்தில் இருந்தால் போதும். நாளின் பாதிப் போராட்டம் அங்கேயே தீர்ந்துவிடும். சுண்டல் செய்வதில் சமையல் என்று சொல்லத்தக்க வேலை அதிகமில்லை. குக்கரில் நான்கைந்து விசில், கடுகு, கறிவேப்பிலை, துருவிய தேங்காய், அவ்வளவுதான். ஆனால் கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் ஊற வேண்டும். படுக்கப் போகுமுன் அதை எடுத்துத் தண்ணீரில் போட வேண்டும் என்பது அந்த வீட்டில் யாரேனும் ஒருவருக்கு நினைவிருக்க வேண்டும். அந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் அதே ஆளாக இருக்க வேண்டியதில்லை.